கடலில் பிறந்து காவிரியில் வளரும் மீன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் சால்மன் மீன் பற்றி முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். படங்கள் அருமை. ஆற்றில் பொரித்து, கடலுக்குப் போய்க் கொழுத்து, முட்டையிட மறுபடியும் பிறந்த ஆற்றுக்கே வரும் கதையைக் கட்டுரையாளர் நன்றாகவே சொல்லியிருந்தார். எனக்கு வழக்கு கடைசி இரண்டு பத்திகளோடுதான். கடலுக்குப் போகிற மீன்தான் பெருக்கும், ஆற்றிலேயே கிடக்கிற மீன் சிறுத்துப்போகும் என்று பொதுவிதி போல எழுதிவிட்டார். அதோடு விடாமல், இப்படிப் பயணம் போகிற மீன் நம் பக்கத்து ஆறுகளில் கிடையாது என்றும், ஆகவே அணையில் மீனுக்கு வழி வைப்பதெல்லாம் குளிர்நாட்டுக்காரர்களின் கவலை என்றும் முடித்திருந்தார். இரண்டுமே தவறு. அதிலும் இரண்டாவது தவறு நம் ஆற்றுக்குச் செலவு வைக்கக் கூடியது.

சூரமங்கலம் பக்கம் மீன் கடை வைத்திருக்கிறேன். படித்தது விலங்கியல், பிழைப்பு மீன் வெட்டுவது. அப்பா கொளத்தூர் பக்கம் பண்ணவாடியில் பரிசல் போட்டு மேட்டூர் அணையில் வலை விரித்தவர். எங்கள் கடையில் அணை மீனும் இருக்கும், ஐஸ் பெட்டியில் வரும் கடல் மீனும் இருக்கும். “அக்கா, கடல் மீன் நல்லதா, அணை மீன் நல்லதா?” என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. அது என்ன தின்றதோ அதுதான் அது என்று சொல்லிவிட்டுக் கத்தியை எடுப்பேன். தினம் குடலை உருவி எடுக்கிறவளுக்கு இதைச் சொல்ல உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் கட்டுரையாளர் சொன்னதில் உள்ள நியாயம். குளிர்நாடுகளில் அவர் சொன்ன விதி பெரும்பாலும் பொருந்தும். ஐரோப்பாவில் பழுப்பு டிரவுட் என்று ஒரு மீன். ஒரே தாயின் முட்டையில் பொரித்த குஞ்சுகளில் சில ஓடையிலேயே தங்கிவிடும், சில ஓரிரு ஆண்டுகளில் உடம்பு வெள்ளியாக மின்ன ஆரம்பித்துக் கடலுக்கு இறங்கிவிடும். ஓடையில் தங்கியது பூச்சிப் புழுவையும் சின்னக் கூனியையும் தின்று, ஏழை ஓடையாக இருந்தால் ஒரு சாண் நீளத்திலேயே சினைப்பட்டுவிடும். கடலுக்குப் போனது அங்கே சின்னச் சின்ன மீன்களைத் தின்று சில ஆண்டுகளில் கிலோக் கணக்கில் எடை போட்டுத் திரும்பி வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் உடன்பிறப்பு என்று யாரும் நம்ப மாட்டார்கள். அந்தக் காலத்து அறிஞர்களே நம்பாமல் வேறு வேறு இனமென்று பெயர் வைத்திருந்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. கடலுக்குக் கிளம்புவதில் பெண் மீன்களே அதிகம். ஓடையில் தங்கிவிடுவதில் ஆண்கள் அதிகம். காரணம் முட்டைக் கணக்கு. டிரவுட் பெண்மீன் தன் உடம்பில் ஒரு கிலோவுக்குச் சுமார் 1,500 முதல் 2,000 முட்டை வரை சுமக்கும். உடம்பு பெருத்தால் முட்டை பெருகும். ஆணுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சிறுத்த உடம்போடு கல் இடுக்கில் பதுங்கியிருந்து, பெரிய மீன்கள் முட்டையிடும் நேரத்தில் குறுக்கே புகுந்து தன் வேலையை முடித்துக்கொள்ளும். கடையில் இதைச் சொன்னால் பெண்கள் சிரிப்பார்கள், ஆண்கள் விலை கேட்பார்கள்.

பசிபிக் பக்கம் சாக்கை சால்மன் இதைவிடத் தெளிவான உதாரணம். குஞ்சுப் பருவத்தில் ஓரிரு ஆண்டு ஏரியில் இருந்துவிட்டு, கடலுக்குப் போய் இரண்டு மூன்று ஆண்டு மேய்ந்து திரும்பும்போது இரண்டரை, மூன்று கிலோ நிற்கும். அதே இனம் ஏரியிலேயே நின்றுவிட்டால் அதற்குக் கோக்கனீ என்று பெயர். பல ஏரிகளில் அது அரைக் கிலோவைக் கூடத் தாண்டாது. இரண்டுமே நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைச் செவுளில் சலித்துத் தின்பவைதான். கடல் கொடுப்பதை அந்த ஏரி கொடுப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். வட அமெரிக்காவில் வானவில் டிரவுட்டுக்கும் இதே கதை. கடலுக்குப் போய் வந்தால் ஸ்டீல்ஹெட், போகாவிட்டால் வெறும் டிரவுட். அந்த வானவில் டிரவுட்டைத்தான் வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்குக் கொண்டுவந்து, 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வைத்தார்கள். ஊட்டிக்குப் போகிறவர்கள் பார்த்திருக்கலாம். அங்கே அதற்குப் போகக் கடல் இல்லை. மலை ஓடையில் கிடைத்ததைத் தின்றுகொண்டு மலை ஓடை அளவிலேயே இருக்கிறது. நம் ஏற்காட்டில் அதுவும் இல்லை, தண்ணீர் அதன் உடம்புக்கு ஆகாது.

சரி, கடலுக்குப் போனால் பெருக்கிறது என்பது குளிர்நாட்டில் ஏன் பலிக்கிறது? அங்கே ஆறு ஏழை. பனி உருகி ஓடிவரும் தண்ணீரில் சத்து குறைவு, வெயில் காலம் கொஞ்ச நாள், பூச்சியும் அந்தக் கொஞ்ச நாளைக்குத்தான். அந்த நாட்டுக் கடலோ பணக்காரக் கடல். குளிர்காலக் காற்றில் அடித்தண்ணீர் மேலே புரண்டு வந்து உரத்தைக் கொண்டுவரும். வெயில் திரும்பியதும் நுண்பாசி பொங்கும். அதைத் தின்னும் பூச்சி, பூச்சியைத் தின்னும் மீன் என்று வரிசையாகப் பெருகும். சம்பளம் கூடக் கிடைக்கிற ஊருக்கு நம் பிள்ளைகள் வண்டி ஏறுவது போல மீனும் ஏறுகிறது.

நம் வெப்பநாடுகளில் பெரும்பாலும் கணக்கு தலைகீழ். கரையை விட்டு விலகிய கடலில் மேல்தண்ணீர் ஆண்டு முழுக்கச் சூடாக மிதந்துகொண்டு, அடியில் உள்ள சத்தை மேலே வரவிடாது. ஆற்றிலோ மழைக்காலத்தில் வண்டலும் இலைச்சருகும் புதுவெள்ளமும் சேர்ந்து இரையைக் குவிக்கும். மார்ட் கிராஸ், ரொனால்ட் கோல்மன், ராபர்ட் மெக்டவல் என்ற மூவர் 1988-இல் ‘சயின்ஸ்’ இதழில் இதை உலக அளவில் ஒப்பிட்டுக் காட்டினார்கள். கடலில் இரை அதிகமுள்ள வட்டாரங்களில் ஆற்றில் பிறந்து கடலில் வளரும் மீனினங்கள் அதிகம். ஆற்றில் இரை அதிகமுள்ள வெப்ப வட்டாரங்களில் கடலில் பிறந்து ஆற்றில் வளரும் மீனினங்கள் அதிகம். பயணத்தின் திசையை இரை முடிவு செய்கிறது. கட்டுரையாளர் பார்த்தது ஒரு திசையை மட்டும்.

மற்ற திசைக்குச் சாட்சி நம் விலாங்கு.

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்று பழமொழி சொல்லும் அதே விலாங்குதான். காவிரிக்குச் சொந்தமான இந்த மீன் காவிரியில் முட்டையிடுவதே இல்லை. நடுக்கடலில் பொரிக்கிறது. பொரித்த குஞ்சு கண்ணாடி இலை போலத் தட்டையாக, உள்ளே இருப்பது வெளியே தெரியும்படி இருக்கும். நீரோட்டத்தில் மிதந்து கரைப்பக்கம் வந்ததும் நூல் போல உருண்டு, கழிமுகத்தில் நுழைந்து, கொஞ்சம் கறுத்து, ஆற்றை எதிர்த்து ஏறத் தொடங்கும். விரல் நீளம் கூட இல்லாத இந்தக் குஞ்சு, ஈரமான பாறையில் ஒட்டிக்கொண்டு நெளிந்து நெளிந்து ஏறிவிடும். ஏறி வந்த இடத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கும். முதலில் புழு பூச்சி, பிறகு நண்டு, நத்தை, இறால், தவளை, மீன் என்று இரையும் உடம்போடு சேர்ந்து பெருக்கும். நம் ஆற்று விலாங்கு ஒரு மீட்டரைத் தாண்டி வளரக் கூடியது. பகலெல்லாம் பாறைப் பொந்து, இரவில் வேட்டை.

கடைக்கு எப்போதாவது ஒன்று வரும். பெரும்பாலும் பூலாம்பட்டி, நெரிஞ்சிப்பேட்டைப் பக்கம் தூண்டிலில் மாட்டியது. கையில் சாம்பலைத் தடவிக்கொண்டு பிடித்தால்தான் வழுக்காமல் நிற்கும். வயிற்றைத் திறந்தால் ஆற்று நண்டின் ஓடு நொறுங்கிக் கிடக்கும்; ஒருமுறை முழுசாக ஒரு கெளுத்திக் குஞ்சு. சினை மட்டும் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது. விலாங்கு ஆற்றில் இருக்கிற காலம் சாப்பாட்டுக்கான காலம். முட்டை வைக்க வேண்டிய வயது வந்ததும் உடம்பு வெள்ளியாக மாறும், கண் பெரிதாகும், குடல் சுருங்கிப்போகும். அதற்குப் பிறகு இரை எடுப்பதில்லை. சேர்த்து வைத்த கொழுப்பை எரித்துக்கொண்டே கடலுக்கு இறங்கும், போனால் வருவதில்லை. சால்மன் என்ன செய்கிறதோ அதையே திசை மாற்றிச் செய்கிறது. கடலுக்குக் கிளம்பும்போது இரண்டுமே வெள்ளி பூசிக்கொள்வதும், முட்டை வைக்கப் போகும்போது இரண்டுமே பட்டினி கிடப்பதும் ஒன்றுதான்.

ஒரு மீன் எங்கே மேய்ந்தது என்று எப்படித் தெரியும் என்று கேட்கலாம். மீனின் தலைக்குள் காதுக்கல் என்று ஒன்று இருக்கிறது. கத்தாழை மீன் தலையை உடைத்தால் வெள்ளைக் கூழாங்கல் மாதிரி ஜோடியாக விழும். கடைக்கு வரும் பிள்ளைகள் கேட்டு வாங்கிப் போவார்கள். அந்தக் கல் மீனோடு சேர்ந்து ஏடு ஏடாக வளர்வது. கடல் நீரில் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம் ஆற்று நீரைவிட அதிகம். கல்லைக் குறுக்கே அறுத்து, ஒவ்வோர் ஏட்டிலும் சுண்ணாம்புச் சத்துக்கு எவ்வளவு ஸ்ட்ரான்சியம் என்று அளந்தால், எந்த வயதில் கடலில் இருந்தது, எந்த வயதில் ஆற்றுக்கு வந்தது என்று படித்துவிடலாம். சால்மனுக்குச் செதிலே போதும். ஆற்றில் மெதுவாக வளர்ந்த காலத்து வளையங்கள் நெருக்கமாக இருக்கும், கடலில் தின்று பெருத்த காலத்து வளையங்கள் அகலமாக விலகி நிற்கும்.

இந்தக் கல்லை வைத்துத்தான் 1998-இல் கட்சுமி சுகமோட்டோ என்ற ஜப்பானியரும் கூட்டாளிகளும் ஒரு வேடிக்கையைக் கண்டார்கள். ஜப்பான் விலாங்கிலும் ஐரோப்பிய விலாங்கிலும் சில மீன்கள் வாழ்நாள் முழுக்க ஆற்றுக்குள் காலெடுத்தே வைத்ததில்லை. கடலோரத்திலேயே இருந்து வளர்ந்துவிட்டன. குளிர்நாட்டில் கழிமுகத்து உப்புத் தண்ணீரில் தங்கிய விலாங்கு, ஆற்றில் ஏறியதைவிட வேகமாகவே வளர்வதையும் பார்த்திருக்கிறார்கள். பாருங்கள், அங்கே கடற்கரை பணக்கார இடம், ஆற்றுக்கு ஏறியே ஆகவேண்டும் என்ற அவசியம் குறைவு. மீனுக்கு ஆறு, கடல் என்ற பக்தி கிடையாது. எங்கே வயிறு நிறைகிறதோ, எங்கே தன்னைத் தின்கிறவன் குறைவோ, அங்கே தங்குகிறது. போகிற செலவும் சேர்ந்தது கணக்கு. கடலில் உடம்பில் ஏறும் உப்பைச் செவுள் வழியாகத் தள்ள வேண்டும், ஆற்றில் உடம்புக்குள் புகும் தண்ணீரை ஓயாமல் சிறுநீராகக் கழிக்க வேண்டும். ஊர் மாறும்போது இந்த இயந்திரத்தையே மாற்றிப் பூட்ட வேண்டியிருக்கிறது. சும்மா ஊர் சுற்ற எந்த மீனும் இந்தச் செலவு செய்யாது.

விலாங்கு மட்டும்தானா என்றால், இல்லை. சனிக்கிழமை கிலோ என்ன விலை என்று பயந்துகொண்டே கேட்கிற கொடுவா, கழிமுகத்து உப்புத் தண்ணீரில் பிறந்து ஆற்றுக்கும் ஏரிக்கும் ஏறி வளரக் கூடியது. மடவையும் பால்கெண்டையும் கடலில் பிறந்து, குஞ்சில் கழிமுகத்துக்கு வந்து மேய்பவை. காவிரியின் ஆற்று இறால் இன்னும் விசித்திரம். தாய் இறால் முட்டையைச் சுமந்துகொண்டு கழிமுகம் வரை இறங்கும், குஞ்சுக்கு உப்புக் கலந்த தண்ணீர் இருந்தால்தான் பிழைப்பு. பிழைத்த குஞ்சுகள் கரையோரமாக நீரோட்டத்தை எதிர்த்து ஊர்ந்து மேலே வரும். கீழே பூம்புகாரிலும் பழையாற்றிலும் தொடங்கி இங்கே வருவதற்குள் எத்தனை சுவர் என்று எண்ணிப் பாருங்கள். கீழணை, கல்லணை, முக்கொம்பு, மாயனூர், அப்புறம் மேட்டூருக்குக் கீழே வரிசையாக மின்சாரத்துக்குக் கட்டிய கதவணைகள், கடைசியில் மேட்டூர்.

உல்லத்தைச் சொல்லாமல் விட்டால் கட்டுரையாளர் என்னை மடக்கிவிடுவார். வங்காளிகள் உயிரை விடும் இல்சாதான் நம் உல்லம். வெப்பநாட்டு மீன்தான், ஆனால் சால்மன் கட்சி. கடலில் வளர்ந்து ஆற்றில் முட்டையிடுகிறது. விதி என்றால் விலக்கு இருக்கும், ஆனால் இந்த விலக்கிலும் இரைதான் பேசுகிறது. உல்லம் கடலில் வெகுதூரம் போய் மேய்வதில்லை. ஆறு கொண்டுவந்து கொட்டும் வண்டலில் நுண்பாசி பொங்குகிற கழிமுகத்தையும் கரையோரத்தையும் சுற்றியே, அதைச் செவுளில் சலித்துத் தின்று கொழுப்பு ஏற்றுகிறது. ஆற்று வெள்ளம்தான் அந்தக் கடல் துண்டுக்கும் சோறு போடுகிறது. பிறகு வெள்ளத்தை எதிர்த்து ஏறுகிறபோது இரையைக் குறைத்துக்கொள்ளும்.

கங்கையில் அலகாபாத், கான்பூர் தாண்டியும் உல்லம் ஏறியது. 1975-இல் பராக்கா தடுப்பணை வந்தபின் மேலே உல்லம் பிடித்துப் பிழைத்தவர்கள் பிழைப்பு போயிற்று. நம் பக்கம் காவிரியிலும் கொள்ளிடத்திலும் உல்லம் ஏறியதுண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்துறையினர் கீழணையில் உல்லச் சினையை எடுத்துச் செயற்கையாகக் குஞ்சு பொரிக்க முயன்றிருக்கிறார்கள். அங்கே அந்த அளவுக்கு மீன் இருந்திருக்கிறது என்றுதானே பொருள்? மேட்டூர் அணை 1934-இல் முடிந்தது. அதற்குப் பிறகு ஆற்றில் வெள்ளம் வருகிற காலமும் அளவும் நம் கதவுகளின் கையில். இப்போது கடையில் உல்லம் கேட்பவர்களுக்கு ஐஸில் வந்ததைத்தான் கொடுக்கிறேன். காவிரி உல்லம் என்று சொல்லி யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

இனி ஆற்றிலேயே கிடக்கும் மீன் சிறுத்துப்போகும் என்ற முதல் தவறு. கட்லாவைக் கண்ணால் பார்த்தவர் இப்படி எழுத மாட்டார். கடலை அது கண்டதே இல்லை. நல்ல குளத்தில் ஓராண்டில் ஒரு கிலோ நிற்கும். மேட்டூரில் பத்துக் கிலோ கட்லாவைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அது மேல்தண்ணீரில் மிதக்கும் நுண்பூச்சியைச் சலித்துத் தின்பது. ரோகு நடுத்தண்ணீரில் பாசி, இலை மக்கல். மிர்கால் அடிச்சேற்றில். வெட்டும்போது பார்த்தால் ரோகு, மிர்கால் குடல் சுருள் சுருளாக வந்துகொண்டே இருக்கும், தழை தின்கிறவனின் குடல். பக்கத்தில் வாளையைத் திறந்தால் குட்டைக் குடலும் பை போன்ற இரைப்பையும், உள்ளே ஒரு மீனும். ஒரே தண்ணீரில் மூன்று அடுக்காகச் சாப்பாடு பிரித்து வைத்துத்தான் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் ஒன்றாக வளர்க்கிறார்கள்.

அதே தண்ணீரில் ஜிலேபியும் இருக்கிறது. 1952-இல் நாட்டுக்குள் வந்தது. எங்கேயும் போகாத மீன், ஆனால் அது சிறுத்துப்போவது போகாததால் இல்லை. வாயில் குஞ்சைக் காத்து, ஆண்டுக்குப் பலமுறை ஈன்று, தட்டு அதே அளவில் இருக்கப் பந்தியில் ஆளைக் கூட்டிக்கொண்டே போகிறது. உள்ளங்கை அளவிலேயே சினையோடு வரும். கட்லாவுக்கும் ஜிலேபிக்கும் முகவரி ஒன்று, இரைக்கணக்கு வேறு.

இதிலும் ஒரு விஷயம் மறைந்திருக்கிறது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கடலுக்குப் போகாவிட்டாலும் உட்கார்ந்த மீன்கள் இல்லை. வடக்கே தங்கள் சொந்த ஆறுகளில் பருவமழை வெள்ளம் வந்ததும் மேலேறிப் போய்த்தான் முட்டையிடும். குளத்தில் நன்றாகத் தின்னும், வளரும், சினையும் பிடிக்கும், ஆனால் முட்டை இடாது. 1957 ஜூலையில் ஒடிசாவில் ஹீராலால் சவுத்ரி என்ற விஞ்ஞானி, மீனின் மூளையடிச் சுரப்பியைச் சாறாக்கி ஊசி போட்டு அவற்றை முட்டையிட வைத்தார். ஏரிகளில் இன்று நாம் விடுகிற குஞ்செல்லாம் அந்த ஊசியின் பிள்ளைகள். வெள்ளமும் பயணமும் இல்லாத குறையை ஊசியால் நிரப்பிக்கொண்டோம். விலாங்குக்கு அந்த வசதி நம்மிடம் இல்லை. பண்ணைகளில் வளர்க்கப்படும் விலாங்குகளே ஏறக்குறைய எல்லாம் கடலோரத்தில் காட்டுக் குஞ்சாகப் பிடித்து வந்தவைதான். வழியை அடைத்துவிட்டு, லாரியில் குஞ்சு கொண்டுவந்து விட்டுச் சரிக்கட்ட முடியாத மீன் அது.

சேர்வராயன் மலையில் பிறக்கும் ஆறுகளுக்கு வருகிறேன். கிளியூர் அருவிக்கு மேலே ஏறி வர எந்த மீனாலும் ஆகாது. ஏற்காட்டு ஓடைகளில் இருப்பதெல்லாம் பாறையை வாயால் பற்றிக்கொண்டு பாசி மேயும் சின்ன மீன்கள், அயிரை, அவ்வளவுதான். அவை சின்னதாகவே இருக்கட்டும், அந்த ஓடையின் சாப்பாடு அவ்வளவே. அங்கே எனக்கு ஒரு கோரிக்கையும் இல்லை. ஆனால் சரபங்கா ஓமலூர், எடப்பாடி வழியாகத் தேவூர்ப் பக்கம் காவிரியில் சேர்கிறது. திருமணிமுத்தாறு நகரத்துச் சாக்கடையையும் சாயத்தையும் சுமந்துகொண்டு நாமக்கல் மாவட்டம் போய்க் காவிரியில் சேர்கிறது. இரண்டும் காவிரியின் கிளைகள். காவிரியில் ஏறும் விலாங்குக் குஞ்சுக்கு இவையும் மேய்ச்சல் காடாக இருக்க வேண்டியவை. திருமணிமுத்தாற்றில் இன்று விலாங்கைத் தேடச் சொல்ல மாட்டேன், முதலில் மூக்கைப் பொத்தாமல் நடக்கிற ஆறாக ஆகட்டும். சரபங்காவில் மேட்டூர் உபரிநீரை 100 ஏரிகளுக்குக் கொண்டுபோகும் திட்டம் வந்தபின் தண்ணீர் பேச்சு கூடியிருக்கிறது; தடுப்பணை வேண்டும் என்ற மனுக்களும் கூடியிருக்கின்றன. தடுப்பணை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? கிணற்றில் தண்ணீர் ஊறினால் எனக்கும் சந்தோஷம்தான்.

கட்டும்போது ஓரத்தில் ஒரு சரிவு வையுங்கள். சால்மன் ஏணி என்றால் படிப்படியாகத் தொட்டி கட்டி, மீன் துள்ளி ஏற வேண்டிய பெரிய வேலை. விலாங்குக் குஞ்சுக்கு அது தேவையில்லை, அது துள்ளாது. சொரசொரப்பான ஒரு சாய்தளம், அதில் பிரஷ் மயிர் போல நாரோ, சின்னக் கல் பதிப்போ, மேலிருந்து மெல்லிய நீர்க்கசிவு. நியூசிலாந்திலும் ஐரோப்பாவிலும் இப்படித்தான் வைக்கிறார்கள். இறால் குஞ்சும் அதில் ஊர்ந்து ஏறும். தடுப்பணையின் மதிப்பீட்டில் இது ஒரு பெரிய செலவு ஆகாது. முதலில் வைக்க வேண்டிய இடம் காவிரியின் கதவணைகள், கிளை ஆறுகள் அதற்குப் பிறகு. கதவணைகளில் இறங்குகிற பெரிய விலாங்குக்கும் யோசனை வேண்டும். நீள உடம்பு மின்விசைச் சுழலியின் இறக்கையில் மற்ற மீனைவிட எளிதாக அடிபடும். விலாங்கு இறங்குவது பெரும்பாலும் நீர் பெருகி ஓடும் இருட்டு இரவுகளில். அந்த இரவுகளில் ஒரு மதகை ஓரமாகத் திறந்து வைப்பது பொறியாளர்கள் உட்கார்ந்து பேசினால் முடியாத காரியமா?

உங்கள் நாளிதழிடமும் ஒன்று கேட்க வேண்டும். ஏரியில் மீன்குஞ்சு விடும் விழா என்றால் படத்தோடு போடுகிறீர்கள். எத்தனை குஞ்சு விட்டார்கள் என்பது தலைப்பிலேயே இருக்கும். ஆறு மாதம் கழித்து அந்த ஏரிக்கு உங்கள் நிருபர் போய், இப்போது கட்லா எத்தனை கிராம், ஏரியில் நுண்பூச்சி இருக்கிறதா, ஜிலேபி எவ்வளவு என்று கேட்டு எழுதிய செய்தியை நான் படித்ததில்லை. குஞ்சின் எண்ணிக்கை விதை நெல்லின் கணக்கு. விளைச்சல் கணக்கு எங்கே?

கட்டுரையாளருக்கு என் மேல் வருத்தம் வேண்டாம். சால்மன் பற்றி எழுதியதெல்லாம் உருப்படியாகத்தான் இருந்தது. அடுத்த இணைப்பில் இடம் இருந்தால் விலாங்கைப் பற்றி எழுதச் சொல்லுங்கள், பாதிப் பக்கம் போதும். படத்துக்கு மீன் வேண்டுமென்றால் கடைக்கு ஒன்று வருகிற நாளில் சொல்லி அனுப்புகிறேன். புகைப்படக்காரர் காலை ஆறு மணிக்குள் வந்துவிட வேண்டும். அதற்குமேல் மூலத்துக்கு நல்லது என்று யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

இப்படிக்கு,
மீன் கடைக்காரி ஒருத்தி,
சூரமங்கலம், சேலம்.